கோஹாவில் பத்து ஆண்டுகள்: நூலக உறுப்பினர் கணக்குகளை நிர்வகித்த அனுபவம்

பொறியியல் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் 2015ஆம் ஆண்டு முதல் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். அதைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை சர்வரில் நிறுவுவது எப்படி, புத்தக விவரங்களை ஏற்றுவது எப்படி என்பதோடு நின்றுவிடுகின்றன. புத்தகத்தை ஒரு முறை ஏற்றிவிட்டால் அது அலமாரியில் சொன்ன இடத்தில் இருக்கும். உறுப்பினர் அப்படியல்லர், சேர்கிறார், துறை மாறுகிறார், பெயரைத் திருத்தச் சொல்கிறார், கடவுச்சொல்லை மறக்கிறார், படிப்பை முடித்துப் போகிறார், அரியர் (தேர்ச்சி பெறாத பாடம்) எழுதத் திரும்பி வருகிறார். இத்தனை ஆண்டுகளில் புத்தகம் கொடுத்து வாங்குவதில் இந்த மென்பொருள் என்னைக் கைவிட்டதாக நினைவில்லை. பட்ட சிரமமெல்லாம், எதிரே நிற்பவர் கணக்கில் உள்ள அதே ஆள்தானா என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

முதலில் உறுப்பினரின் பெயர். கோஹா நியூசிலாந்தில் பிறந்தது. ஹோரோஃபெனுவா என்ற வட்டாரத்தின் நூலக அறக்கட்டளைக்காக 1999இல் உருவாக்கப்பட்டு 2000 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தது. அந்நாட்டின் மவோரி மொழியில் கோஹா என்ற சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். குடும்பப் பெயர் வழங்கும் ஊரில் பிறந்ததால், புதிய உறுப்பினர் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் கட்டாயமாகவும் முதற்பெயர் என்ற கட்டம் விருப்பமாகவும் வருகிறது. நம் மாணவருக்கு இருப்பது ஒரு பெயரும் தகப்பனாரின் தலைப்பெழுத்தும் மட்டுமே. முதல் ஆண்டில் பணியாளர் மூவரும் ஆளுக்கொரு விதமாக நிரப்பினோம்: ஒருவர் தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராக வைத்தார், ஒருவர் தகப்பனாரின் முழுப் பெயரை வைத்தார், நான் அனைத்தையும் ஒரே கட்டத்தில் புள்ளி வைத்து எழுதினேன். ஒரே ஆளை இரண்டாம் முறை பதியும்போது மென்பொருள் எச்சரிக்கத்தான் செய்யும். ஆனால் இரு பெயர்க் கட்டங்களும் பிறந்த தேதியும் அப்படியே பொருந்தினால்தான் அது விழித்துக்கொள்ளும். ‘எஸ்’ முன்னால் இருந்தால் ஒருவர், பின்னால் இருந்தால் இன்னொருவர் என்பதே அதன் கணக்கு. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பதை நூலகப் பணியாளரைக் கேட்டால் தெரியும்.

பல நாள் யோசித்து, மாணவரின் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் தலைப்பெழுத்தை முதற்பெயர்க் கட்டத்திலும் இடுவது என்று முடிவு செய்தோம். படிவத்தின் தலைப்புக்கு இது முரண்தான். ஆனால் பணியாளர் பக்கத்தில் ‘முருகன், எஸ்’ என்று அகரவரிசைக்கு ஏற்பவும், மாணவருக்குப் போகும் மின்னஞ்சலில் ‘எஸ் முருகன்’ என்று வழக்கப்படியும் பெயர் வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை என்ற விதியையும் சேர்த்துக்கொண்டோம். இவ்விரண்டுக்கும் பிறகு இரட்டைக் கணக்குகள் அநேகமாக நின்றுவிட்டன.

பெயரை நம்ப முடியாதபோது எண்ணை நம்பலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பதிவெண் 12 இலக்கம் கொண்டது: கல்லூரிக் குறியீடு 4, சேர்ந்த ஆண்டு 2, துறை 3, வரிசை எண் 3. ஒருவருக்கு உள்ள எண் மற்றொருவருக்கு வராது என்பதால் அதையே உறுப்பினர் அட்டை எண்ணாக வைத்தோம். அந்த 12 இலக்கம் எங்களை எங்கே இழுத்துச் சென்றது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அலுவலகத்திலிருந்து வந்த எக்செல் பட்டியலை, காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, அதாவது சிஎஸ்வியாக மாற்றி, ஒரு வகுப்பின் 60 பேரையும் ஒரே மூச்சில் ஏற்ற உட்கார்ந்தேன். எக்செல், ‘ஜெனரல்’ என்ற பொது வடிவத்தில் உள்ள 12 இலக்க எண்ணை முழுதாகக் காட்டாது. நடுவில் ஒரு புள்ளி வைத்துச் சில இலக்கங்களை மட்டும் காட்டி, இறுதியில் ‘இ கூட்டல் 11’ என்று ஒரு வாலை ஒட்டிவிடும். கட்டத்தைத் தொட்டால் மேலே உள்ள பட்டையில் முழு எண்ணும் தெரிவதால், எதுவும் தொலைந்துபோகவில்லை என்று நம்பிவிடுகிறோம். ஆனால் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கோப்பில் இறங்குவது திரையில் தெரிகிற அந்தச் சுருங்கிய வடிவம்தான். ஒரே வகுப்பு மாணவர்களின் எண்களில் முதல் ஒன்பது இலக்கங்களும் ஒன்றே என்பதால், 60 பேருக்கும் அச்சுப் பிசகாமல் ஒரே அட்டை எண் வந்தது. அட்டை எண் பொருந்தினால் பழைய பதிவின்மேல் எழுதிவிடு என்ற தெரிவையும் நானே கொடுத்திருந்தேன். ஒன்று சேர்க்கப்பட்டது, 59 மேலெழுதப்பட்டன என்று திரை ஒளிவுமறைவின்றி அறிவித்தது. அதைப் படிக்காமல் அடுத்த வகுப்புக்குப் போனவன் நான். மறுநாள் முகப்பு மேசையில் எவருடைய அட்டையும் வேலை செய்யவில்லை. வகுப்பு முழுவதும், பட்டியலில் கடைசியாக இருந்த மாணவியின் பெயரில் ஒரே கணக்காக ஒடுங்கிக் கிடந்தது.

அதுவரை எவரும் புத்தகம் எடுக்காததால் அந்த ஒரு கணக்கை நீக்கிவிட்டு மறுபடியும் ஏற்ற முடிந்தது. அன்றிலிருந்து, பதிவெண் உள்ள நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிய பின்னரே சிஎஸ்வி எடுக்கிறேன். எடுத்த கோப்பை நோட்பேடில் திறந்து கண்ணால் பார்க்கிறேன். முதலில் ஐந்து பேரை மட்டும் ஏற்றிப் பார்க்கிறேன். எண்ணைத் தானே வழங்கும் வசதி ஒன்றும் உண்டு. அது இருப்பதிலேயே பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டிக் கொடுக்கும். அதை இயக்கி வைத்திருந்த காலத்தில், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவருக்குக் கடைசி மாணவரின் பதிவெண்ணுக்கு அடுத்த எண் கிடைத்தது. இப்போது ஆசிரியர்களுக்குத் தனி முன்னொட்டோடு கையால் எண் இடுகிறோம். முதலாண்டு மாணவர்களுக்குப் பதிவெண் வரச் சில மாதங்களாகும் என்பதால், அதுவரை சேர்க்கை எண்ணே அட்டை எண். பின்னர் மாற்றினாலும் கடன் வரலாறு அறுந்துபோவதில்லை. உள்ளே ஒவ்வொருவருக்கும் மாறாத தனி எண் ஒன்று இருப்பதே அதற்குக் காரணம். கோஹாவில் நான் மிகவும் மதிப்பது இந்த அமைப்பைத்தான்.

உறுப்பினர் வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துறைக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று தொடக்கத்தில் ஏராளமாக உருவாக்கினேன். கடன் விதிகள் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு நூல் வகைக்கும் தனித்தனியே எழுதப்படுவன என்பதால் அட்டவணை திரைக்குள் அடங்காமல் நீண்டது. விதி மாறினால் மட்டுமே வகை மாற வேண்டும் என்று புரிந்த பிறகு ஆறு வகைகளோடு நிறுத்திக்கொண்டேன். துறையின் பெயர், உறுப்பினர் படிவத்தில் தனியாக உள்ள வகைப்பாட்டுக் கட்டத்துக்குப் போனது.

கடவுச்சொல் விஷயத்தில் நான் செய்தது சோம்பேறித்தனம். பிறந்த தேதியையே எல்லாருக்கும் வைத்தேன். நண்பனின் பிறந்தநாள் தெரியாத மாணவன் உண்டா? ஒருவருடைய முன்பதிவுகளை இன்னொருவர் ரத்து செய்த புகார் வந்த பின்னரே திருந்தினேன். இப்போது எவரும் ஊகிக்க முடியாத ஒன்றை இட்டுவிட்டு, மின்னஞ்சல் வழியே அவரவரே மாற்றிக்கொள்ளும் வசதியைத் திறந்து வைத்திருக்கிறேன். ஐந்து முறை தவறாக இட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். “என் பாஸ்வேர்டு என்னன்னு பார்த்துச் சொல்லுங்க சார்” என்று இன்றும் கேட்கிறார்கள். மீட்டெடுக்க முடியாத வடிவில் சேமிக்கப்படுவதால் எனக்கே தெரியாது என்றால் நம்ப மறுக்கிறார்கள். பணியாளர் பக்கத்திலும் இதே தவறு இருந்தது. முகப்பு மேசைக்கு ஒரே கணக்கை மூவரும் பயன்படுத்தினோம். ஒருவருடைய அபராதத் தொகை தள்ளுபடி செய்யப்பட்டிருந்தபோது, யார் செய்தது என்று மாற்றப் பதிவேட்டைப் பார்த்தேன். ‘முகப்பு மேசை’ என்றிருந்தது. அன்று மாலையே ஆளுக்கொரு கணக்கும், அவரவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் என்ற முறையும் வந்தன.

கணக்கைத் திறப்பதைவிட மூடுவது கடினம். மே மாதத்தில் நோ டியூ படிவத்தோடு வரிசை நிற்கும்போது, நிலுவையின்மைச் சான்றைக் கோஹாவே பிடிஎஃபாகத் தருகிறது. கையில் புத்தகம் இருந்தால் தர மறுக்கும்; தந்தவுடன் அந்தக் கணக்கில் புதிதாகக் கடன் வாங்க முடியாதபடி தடை விழும். இங்கேயே இளநிலை முடித்து முதுநிலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு கணக்குகள் இருக்கும். அவற்றை ஒன்றிணைக்கும் வசதி உண்டு. ஆனால் இணைத்ததைப் பிரிக்க வழியில்லை. ஆகையால் இரு பதிவுகளின் புகைப்படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்தப் பொத்தானை நான் அழுத்துவதில்லை. யார் எந்தப் புத்தகத்தைப் படித்தார் என்ற பழைய வரலாற்றைப் பெயர் நீக்கிச் சேமிக்கும் வசதியை நெடுநாள் கண்டுகொள்ளாமல் இருந்தேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்த பிறகே அதை இயக்கினேன். முன்பே செய்திருக்க வேண்டும்.

காலாவதியான கணக்குகளைத் தொகுதியாக நீக்கும் கருவியில், எதையும் நீக்காமல் பட்டியலை மட்டும் காட்டும் சோதனை ஓட்டம் ஒன்று உண்டு. புத்தகம் கையில் உள்ளவர்களை அது தானாகவே விட்டுவிடும். அரியர் உள்ளவர்களை அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஜூனிலும் அந்தப் பட்டியலை அச்செடுத்துத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்புகிறேன். அவர்கள் சிவப்பு மையால் குறித்துத் திருப்பும் பெயர்களுக்கு, தடையை நீக்கி ஆறு மாதம் காலநீட்டிப்பு கொடுத்துவிட்டு, மீதியை நீக்குகிறேன். சென்ற நவம்பரில் மூன்றாம் பருவக் கணிதத்துக்காக வந்த ஒருவர், நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அட்டையைத் தயங்கியபடி நீட்டினார். பார்கோடு தேய்ந்திருந்ததால் எண்ணைக் கையால் தட்டினேன், கணக்கு திறந்தது.