கையால் செய்த எம்ப்ராய்டரி நூல் அட்டை: நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பின்

என்னிடம் இருப்பதைப் போன்ற நூல் அட்டையைத் தானும் செய்துகொள்வதா, பிளாஸ்டிக் நூல் பெட்டியையே வாங்கிவிடுவதா என்று தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள். புடவைப் பெட்டியின் தடித்த அட்டையை நீளவாக்கில் வெட்டி, ஓர் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, துளைக்கு ஒரு நிறமாக நூலைத் தொங்கவிட்டு, அட்டைகளை ஒரே வளையத்தில் கோத்து ஜிப் பைக்குள் வைப்பது எம்ப்ராய்டரி செய்பவர்கள் அறிந்த முறைதான். ஆகவே செய்முறையை விரிக்காமல், இதைத் தூக்கிக்கொண்டு பேருந்திலும் ரயிலிலும் அலைந்ததில் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இதன் பெருமை ஒன்றே ஒன்று: நூலில் மடிப்புத் தடம் விழுவதில்லை. பெட்டியோடு வரும் சிறு பிளாஸ்டிக் தகடுகளில் சுற்றி வைத்த நூல், தகட்டின் விளிம்பு பட்ட இடமெல்லாம் மடிந்து போகும். ஈரத்துணியால் நீவிவிடாமல் அதைக் கொண்டு, நீள இழைகளை நெருக்கமாக அடுக்கி நிரப்பும் சாட்டின் தையல் போட்டால், பூவின் இதழ் நெளிந்து நிற்கும். அட்டையிலோ 8 மீட்டர் நூற்கண்டை எட்டுத் துண்டாக வெட்டி, துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து நடுவில் மடித்து, அந்த மடிப்பைத் துளைக்குள் நுழைத்து, நுனிகளை மடிப்பின் வழியே இழுத்துவிட்டால், முடிச்சே இல்லாமல் நூல் நேராகத் தொங்குகிறது. அலுவலகக் காகிதங்களுக்குத் துளையிடும் கருவியின் 6 மில்லிமீட்டர் துளை இதற்குப் போதும். தேவைப்படும்போது மேலிருந்து ஒரு துண்டை உருவி இரண்டாக வெட்டினால் அரை மீட்டர் கிடைக்கும். அதைவிட நீளமாகக் கோத்தால் துணிக்குள் போய்வந்தே நூல் பஞ்சடித்துவிடும் என்பதால் அதுவே சரியான அளவு.

கண்டின் காகிதப் பட்டையைக் கழற்றிய பிறகு நிற எண்ணுக்கு வேறு சாட்சி இல்லை. எனவே துளைக்கு அருகிலேயே எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதிவிட வேண்டும். கறுப்பு நூலின் எண் ஆங்கர் நிறுவனத்தில் 403, டி.எம்.சி. நிறுவனத்தில் 310. பென்சிலால் எழுதினால் கரி வெள்ளை நூலில் ஏறும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். இந்த நூலின் ஆறு இழைகளும் பிரித்தெடுக்க வசதியாக மிகத் தளர்வாகச் சேர்க்கப்பட்டவை. அந்த வசதியே பயணத்தில் வினையாகிறது. பை குலுங்கக் குலுங்க, வெட்டிய நுனிகள் பிரிந்து, அடர்சிவப்பின் இரண்டு இழைகள் வெளிர்ரோஜாவுக்குள் புகுந்து, அங்கிருந்து பச்சையையும் சேர்த்துக்கொண்டு, அட்டையின் அடியில் சடைபிடித்த தலைமுடியைப் போலத் திரண்டுவிடுகின்றன. சென்னையில் ரயிலேறிப் பையைத் திறந்தால், ஊசியில் நூல் கோப்பதற்குள் காட்பாடி வந்துவிடுகிறது! அட்டைகளுக்கிடையே பட்டர் பேப்பர் வைத்துப் பார்த்தேன். பக்கத்து அட்டையோடு சிக்குவது நின்றது, ஒரே அட்டைக்குள் நடக்கும் கலகம் நிற்கவில்லை. அடிப்புறம் கீறல் போட்டு நுனிகளைச் செருகினால், கீறலின் விளிம்பே நூலைச் சிராய்க்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் தளர்வாகப் பின்னி வைப்பது நல்ல வழிதான். நாலைந்து துண்டுகளை உருவியதும் பின்னல் தொளதொளத்து, கதை முதலிலிருந்து தொடங்குகிறது.

நியாயமாகச் சொன்னால் பெட்டியும் சாதுவன்று. பூட்டு நெகிழ்ந்து மூடி திறந்துகொண்டால் தகடுகள் இருக்கைக்கு அடியில் சிதறும். எம்ப்ராய்டரி வளையத்தோடு சேர்த்து வைக்கக் கைப்பையில் இடமும் இருக்காது. ரேயான் நூல் துளையிலிருந்து தானாக வழுக்கி விழுவதையும் அட்டையின் குற்றமாக எழுத மாட்டேன். வழுக்குவது அந்த நூலின் குணம்.

இத்தனைக்கும் பிறகு, தோழிக்கு என் பதில் பெட்டியை வாங்கிக்கொள் என்பதுதான். நேற்றுதான் ஒரு நீல நிறத்தை மொத்தமாகக் கத்தரித்து எறிந்தேன். அந்தக் கோபமும் இந்தத் தீர்ப்பில் கலந்திருக்கலாம். ஆனாலும் அவள் போடுவது பெரும்பாலும் பெருக்கல் குறி வடிவக் கிராஸ் தையல். அதன் சின்னஞ்சிறு தையல்களில் மடிப்புத் தடம் கண்ணுக்குத் தெரியாது. சாட்டின் தையலை விட முடியாத நான் பெட்டி வாங்குவதாக இல்லை.