இழுவைப் பெட்டியா, வீட்டு அறையா: நிகழ்ச்சிகளுக்கு இடையில் இசைக்கருவிகளை எங்கே வைப்பது?

வன்னியில் இசைக்குழு நடத்துபவர்களுக்குத் திருவிழாக் காலத்தில் பாடுவதை விட ஏற்றி இறக்குவதே பெரிய வேலை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலை அண்டி வரும் ஊர்த் திருவிழாக்களில் தொடங்கி, ஓகஸ்ட் 15 ஆம் திகதி மடுத் திருவிழா வரையிலும் அதற்குப் பின்னும், கல்யாண வீடுகளும் பூப்புனித நீராட்டு விழாக்களும் இடையிடையே வந்து சேர, நள்ளிரவில் முடிந்த நிகழ்ச்சியின் ஸ்பீக்கர் பொக்ஸ்களை இறக்கி வைத்துவிட்டு அடுத்த நாள் மாலையே மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் பொருட்களை இறக்காமல், வாகனத்தில் கொளுவி இழுக்கும் மூடிய இழுவைப் பெட்டியிலேயே (ட்ரெய்லர்) விட்டுவிட்டால் என்ன என்ற கேள்வி எழுகிறது. அதற்குப் போட்டியாக நிற்பது வீட்டிலோ ஊர் வாசிகசாலையிலோ ஒதுக்கப்பட்ட ஓர் அறை.

வேறு இரண்டு வழிகளும் பேசப்படுவதுண்டு. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித் தறப்பாளால் மூடி வைப்பது ஓர் இரவுக்குச் சரி, அதற்கு மேல் சரிவராது. கிரவல் வீதிப் புழுதி தறப்பாளின் அடியால் ஏறி, ஒலியைக் கலக்கும் மிக்சரின் தள்ளு பொத்தான்களுக்குள் போய்விடும். காலபோக அறுவடை தொடங்கியதும் பெட்டி நெல் ஏற்றப் போய்விடும். பழைய கப்பல் கொள்கலன் பாதுகாப்பானது, ஆனால் சூட்டில் இழுவைப் பெட்டியின் குறைகள் அனைத்தும் அதற்கும் உண்டு, நகர்த்தவும் முடியாது. ஆகவே உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான்.

இழுவைப் பெட்டியின் பெரிய பகை வெயில். நிழலில் 34 பாகை செல்சியஸ் காட்டும் நாளில், வெட்டவெளியில் நிற்கும் மூடிய தகரப் பெட்டிக்குள் 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம். இந்தச் சூட்டை எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரித் தாங்குவதில்லை. மிருதங்கத்தின் உடல் பலா மரம். அதன் இரு பக்கமும் தோல், வலது பக்கமான வலந்தலையின் நடுவே கிட்டக்கல் பொடியும் சோறும் குழைத்து இட்ட கரணை. தொடர்ந்து காய்ந்தால் தோல் இறுகி ஓரம் கிழியும், கரணை வெடித்து உதிரும். தவிலுக்கும் தபேலாவுக்கும் இதே கதிதான். கிற்றாரில் ஒட்டிய பசை இளகி, கம்பிகளைத் தாங்கும் பாலம் மேலெழும்பலாம். கம்பிகளின் இழுவையோடு சூடும் சேரும்போது கழுத்தும் வளையும். கீபோர்ட்டின் திரை கறுத்துப் போவது ஆறியதும் தெளியக்கூடும், ஆனால் கம்பியில்லா ஒலிவாங்கிக்குள் மறந்து விட்ட பற்றரி கசிந்து தொடுமுனைகளை அரித்தால் அது தெளியாது.

இரும்பும் பலகையும் மட்டுமான பொருட்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஸ்பீக்கர் தாங்கிகள், மைக் தாங்கிகள், வயர்ச் சுருள்கள், மேடை விளக்குகளின் கம்பங்கள் ஆகியவை மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை. தோள்வலி தருவதும் இவைதான். பொக்ஸ்கள் நடுத்தரமானவை: சூட்டை ஓரளவு பொறுக்கும், ஈரத்தைப் பொறுக்காது.

ஈரத்தில் இரண்டு வழிகளுக்கும் குற்றம் உண்டு. மாரியில் நனைந்த தறப்பாளையும் ஈர வயர்களையும் உள்ளே எறிந்து கதவைப் பூட்டினால், விடியற்காலைக் குளிரில் பெட்டியின் தகரம் உட்புறம் வேர்த்து, நீர் சொட்டத் தொடங்கும். கூரையின் உட்புறத்தில் சூட்டைத் தடுக்கும் ரெஜிபோம் நுரைத் தகடும் அதன் மேல் ஒட்டுப்பலகையும் அடித்து, எதிரெதிர்ச் சுவர்களில் வலையிட்ட காற்றுத் துளைகள் வைத்தால் இது பெரும்பாலும் அடங்கும். அந்த வலையை அவ்வப்போது பார்க்க வேண்டும். மண்குளவி அதை அடைத்துவிடுவதில் கெட்டிக்காரப் பூச்சி. அறையிலோ ஈரம் சீமெந்துத் தரையிலிருந்து மெல்ல ஏறும். மர வாத்தியங்களுக்கு 45 முதல் 55 வீதம் வரையான ஈரப்பதமே உகந்தது என்று சொல்லப்படுகிறது. வன்னியின் கார்த்திகை, மார்கழியில் அந்த அளவை எந்த அறையும் தானாகத் தராது. மூடிய உறைக்குள் சிலிக்கா ஜெல் பொதிகளை இட்டு, அவை ஈரமேறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடுவதே நம் கைக்கு எட்டிய வழி.

கறையான் விடயத்தில் அறை தெளிவாகத் தோற்கிறது. செங்கல் மேல் பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு வைத்தாலும் மாதமொரு முறை பின்பக்கம் பார்க்காதவர் ஸ்பீக்கர்ப் பெட்டியின் அடியை இழக்க நேரிடும். சக்கரத்தில் நிற்கும் பெட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, பின்கதவோ தாங்குகட்டையோ மண்ணில் தொட்டுக்கொண்டிராத வரையில். எலி இரண்டிலும் புகும். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் அப்பிய ரவையைச் சுரண்டாமல் வைப்பது அதற்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

வெள்ளத்தைக் கணக்கில் எடுக்கும்போது தராசு பெட்டியின் பக்கம் சாய்கிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. அப்படியொரு இரவில் அறையிலுள்ள பொருட்களை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். பெட்டியைக் கொளுவி மேட்டுநிலத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம். அதே எளிமை கள்வனுக்கும் உதவும். கொளுவும் தலையில் பூட்டும் ஒரு சக்கரத்தில் சங்கிலியும் போட்டு, இழுவைத் தண்டு சுவரைப் பார்க்கும்படி நிறுத்துவது குறைந்தபட்சக் காவல்.

பொருளோடு நிறுத்தி வைப்பவர்கள் எடையை எப்படி அடுக்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பொக்ஸ்களை அச்சுக்கு மேலும் சற்று முன்னும் வைத்தால், மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் இழுக்கும் வாகனத்தின் கொளுவியில் இறங்கும். 800 கிலோவுக்கு அது 80 முதல் 120 கிலோ. கடைசியில் ஏற்றியவை பின்கதவோரம் குவிந்தால் ஏ9 வீதியில் பெட்டி வாலாட்டத் தொடங்கும். நீண்ட நாள் நிற்கும்போது பாரத்தை ரயரில் விடாமல் பெட்டியின் அடியில் வைக்கும் முட்டுத் தாங்கிகளில் இறக்குவது நல்லது.

என் தீர்ப்பு இதுதான்: தாங்கிகள், வயர்கள், விளக்குக் கம்பங்கள் ஆண்டு முழுவதும் பெட்டியிலேயே இருக்கட்டும், பொக்ஸ்களும் உட்புறம் பலகை அடித்து, மாமர நிழலிலோ கிடுகுக் கொட்டிலின் கீழோ நிற்கும் பெட்டியில் இருக்கலாம். தோல் வாத்தியங்கள், கிற்றார், கீபோர்ட், மிக்சர் ஆகியவற்றை எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே இறக்கி அறைக்குள் கொண்டுபோக வேண்டும். ஒருவர் இரண்டு நடையில் தூக்கி முடிக்கும் அளவே அவை இருக்கும். நிழல் இல்லாத வளவு உள்ளவர் கோடையில் பொக்ஸ்களையும் இறக்குவது உசிதம்.

ஜெனரேற்றர் இந்த இரண்டிலும் சேராது. பெற்றோல் ஆவி மூடிய இடத்தில் தேங்கித் தீப்பற்றக் கூடியது என்பதால் அதைக் காற்றோட்டமான தாழ்வாரத்தில் வைக்க வேண்டும். நிகழ்ச்சி இல்லாத மாதங்களில் எண்ணெய்க் குழாயை மூடி, காபரேற்றரில் மிஞ்சியது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு இழுத்தவுடன் இயங்கும்.