கரை மேல் நடக்க ஒரு வழி: வட ஆற்காட்டு ஏரிகளில் ஒரு சுற்று

இந்த முறை ஊருக்கு வந்தபோது கல்யாணம், துணிக்கடை என்று பொழுதைக் கரைக்காமல் ஏரி, மலை, பூங்கா என்று சுற்றினோம். எங்களுக்குச் சொந்த ஊர் ஆற்காடு, பிழைப்பு இங்கிலாந்தில் லெஸ்டரில். கூட வந்தது மூட்டுவலிக்காரியான அம்மா, அக்கா, இரண்டு வீட்டுப் பிள்ளைகள். மூன்று தலைமுறை ஒரே வண்டியில் போகும்போதுதான் ஓர் இடத்தில் என்ன வசதி இருக்கிறது, என்ன இல்லை என்பது சரியாகத் தெரிகிறது. அடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஏலகிரி. சனி, ஞாயிறு வேண்டாம். பெங்களூருக் கூட்டமும் சென்னைக் கூட்டமும் ஒன்றாக மலையேறும். நாங்கள் வார நாளில் போனோம், 14 கொண்டை ஊசி வளைவையும் நிம்மதியாக ஏறினோம். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரி யார், ஓரி யார் என்று பிள்ளைகள் கேட்க, அம்மா கதை சொல்லிக்கொண்டே வந்தார். மேலே புங்கனூர் ஏரியில் படகு. லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் யாரையும் ஏற்றவில்லை, கைக்குழந்தைக்குக்கூட அளவு பார்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் மலை, ஊட்டிக் குளிரை எதிர்பார்க்க வேண்டாம். மார்கழி, தை மாலையில் ஒரு ஸ்வெட்டர் போதும்.

அமிர்தி வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாதுமலை அடிவாரம். வனத்துறையின் சிறிய உயிரியல் பூங்கா 1967 முதல் இருக்கிறது. மான், முதலை, பறவைகள், நல்ல மர நிழல். அருவிக்கு மழைக்காலம் முடிந்த கையோடு போக வேண்டும், கோடையில் பாறைதான் இருக்கும். பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல் சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் நல்ல இடம்.

வேலூர்க் கோட்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு அங்கே நடக்க வருகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். ஓய்வுபெற்ற வாத்தியார்கள், பர்தா போட்ட அக்காமார்கள், ஷூ போட்ட பையன்கள் என்று அகழி ஓரமெல்லாம் மனிதர்கள். நடக்க இடம் இருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் நடக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் முக்கியமாக எழுத நினைத்தது காவேரிப்பாக்கம் ஏரியைப் பற்றி. வாலாஜாபேட்டை தாண்டிச் சென்னை நெடுஞ்சாலையில் போகிற எல்லோரும் அந்த ஊரைக் கடந்திருப்பார்கள், ஏரியைப் பார்த்தவர்கள் குறைவு. தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் வெட்டியது, அதாவது ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது, நிரம்பி வழிவது கொசஸ்தலையாற்றுக்குப் போய்ப் பூண்டி ஏரியில் சேருகிறது. சென்னையில் குழாயைத் திறக்கிறவர்களுக்கும் இந்த ஏரியில் பங்கு உண்டு.

கரை மேல் ஏறினால் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டவில்லை. அலை கருங்கல் சரிவில் மோதுகிற சத்தம். கல்லிடுக்கில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தது. மதகு ஷட்டரின் திருகாணியில் கறுப்பு கிரீஸ் பளபளத்தது, யாரோ அண்மையில்தான் பூசியிருக்க வேண்டும். அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "இன்னாம்மா, வெளியூரா? போன மாசம் வந்திருக்கணும். ஏரி கோடி போச்சு பாரு, ஊரே இங்கதான் நின்னுது" என்றார். ஏரி நிரம்பி வழிவதைத்தான் கோடி போவது என்கிறார்கள். எந்த மதகுத் தண்ணீர் எந்த ஊர் வயலுக்கு என்று கைகாட்டிச் சொன்னார். என் பெண் பேச்சே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவ்வளவும் இருந்தது. ஆனால் அம்மா உட்கார ஒரு திண்ணை இல்லை. கரை ஏறும் இடத்தில் கைப்பிடி இல்லை, நானும் அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஏற்றினோம். சீமைக்கருவேலம் பாதையை இரண்டு பக்கமும் நெருக்குகிறது. இந்த ஏரியை வெட்டியது யார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல நாங்கள் நடந்த பக்கம் ஒரு பலகை கண்ணில் படவில்லை. கழிப்பறை இல்லாததால் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். சாயங்காலம்வரை இருந்திருப்போம்.

கழிப்பறை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதே பயணத்தில் வேறொரு பூங்காவில் டிக்கெட் வாங்கி உள்ளே போன பிறகு, பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா அன்று காலையிலிருந்தே பயந்து தண்ணீர் குடிக்காமல்தான் வந்திருந்தார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் எழுபது வயதுக்காரி, வெயிலில், வெளியே போகிறோம் என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கிறார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நம் ஊரில் எத்தனை பெண்கள் இந்த ஒரு காரணத்துக்காக "நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்!

லெஸ்டரை ஒட்டி வாட்டர்மீட் என்று ஒரு கண்ட்ரி பார்க் இருக்கிறது. சோர் ஆற்றங்கரையில் ஜல்லி தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி ஏரிகளானவை. அரசன் வெட்டியதில்லை, ஆயிரம் ஆண்டுப் பெருமையும் இல்லை. ஆனால் சக்கர நாற்காலி போகிற சமமான பாதை, நடுநடுவே பெஞ்சு, எந்தப் பறவை எப்போது வரும் என்று படத்தோடு பலகை, வண்டி நிறுத்த இடம், கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. ஊருக்குப் பக்கத்திலேயே ஜனங்கள் காலாற நடக்க இடம் வேண்டும் என்று 1968இல் சட்டமே போட்டு அந்த நாட்டில் இப்படிப் பூங்காக்களை உண்டாக்கினார்கள். நாம் பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளங்களை அப்படியே விட்டுவிட்டோம், அது வேறு வயிற்றெரிச்சல்.

அதற்காகக் காவேரிப்பாக்கத்தில் செயற்கை நீரூற்றும் கலர் விளக்கும் செல்ஃபி மேடையும் கேட்கவில்லை. அது பாசன ஏரி, கரையைக் கொத்திக் கட்டடம் எழுப்பக் கூடாது. கரையே பூங்காதான். முள்ளை வெட்டி மண்பாதையைச் சமப்படுத்தி, அங்கங்கே கல் பெஞ்சு போட்டு, கரைக்கு வெளியே புங்கமரம் வைத்து, ஆள் போட்டுப் பராமரிக்கிற ஒரு கழிப்பறை கட்டினால் போதும். கோட்டை அகழி ஓரம் நடக்கிற கூட்டம் இங்கேயும் நடக்கும்.

மகேந்திரவாடிக்கும் அவசியம் போங்கள். சோளிங்கர் பக்கம். ஒரே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் செய்த விஷ்ணு கோயில், ஏழாம் நூற்றாண்டு. பக்கத்து ஏரியை மகேந்திர தடாகம் என்று கல்வெட்டிலேயே சொல்லியிருக்கிறான். ஏரி இன்றும் இருக்கிறது. கோயிலையும் ஏரியையும் சேர்த்து ஒரு நடைபாதை போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல சுற்றுலா இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கார்த்திகை கடைசியிலிருந்து மாசிவரை நல்ல காலம், ஏரியில் தண்ணீரும் பறவையும் இருக்கும். காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி இரண்டு ஏரிக்கும் விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். வயதானவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி வண்டியில் இருக்கட்டும். ஜிபே எல்லா இடத்திலும் ஓடுகிறது, ஆனால் மலையில் சிக்னல் போய்விடும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், மதகுப் பக்கம் ஆழம் தெரியாது. கழிப்பறைக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல்தான் வழி. நாங்கள் ஒன்றில் நுழைந்தபோது கல்லாவில் இருந்த அண்ணன் எதுவும் வாங்கச் சொல்லாமல், "அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பிறகு எல்லோரும் அங்கேயே டிபன் சாப்பிட்டோம். பொங்கல் நன்றாக இருந்தது.