அலெக்சாந்திரியாவில் குதிரை வண்டி ஏறுமுன், எந்தப் பவுண்டு என்று கேளுங்கள்

எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குச் சுற்றுலா செல்லவிருப்பவர்கள், குறிப்பாக வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் புறப்படுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த குளிர்காலத்தில் அம்மாவுடன் அங்கே சென்றிருந்தேன். உலக அதிசயங்களுள் ஒன்றாக இருந்த பழைய கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில், சுல்தான் கைத்பே 1477இல் கட்டத் தொடங்கிய கோட்டையைக் காண வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. முழங்கால் வலியோடு கடற்கரைச் சாலை நெடுக அவரால் நடக்க இயலாது என்பதால், சாத் சக்லூல் சதுக்கத்தருகே நின்ற குதிரை வண்டிக்காரர் ஒருவரிடம் கூலி கேட்டேன். அவர் "இருநூறு பவுண்டு" என்றார். எகிப்தியப் பவுண்டைத்தான் சொல்கிறார் என்று நம்பி ஏறினோம்.

கோட்டை வாசலுக்கு முன்பே, மீன்பிடிப் படகுகள் கிடந்த ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, தான் சொன்னது பிரிட்டிஷ் பவுண்டு என்றார். எங்கிருந்தோ வந்த இன்னொருவர், சமாதானம் செய்பவரைப் போலப் பேசி, ஆயிரம் எகிப்தியப் பவுண்டு கொடுத்து முடித்துக்கொள்ளச் சொன்னார். அம்மா இன்னும் வண்டிமேல் அமர்ந்திருந்தார்; வண்டிக்காரர் கடிவாளத்தைக் கையிலிருந்து விடவேயில்லை. அந்த நிலையில் வாதாட எனக்குத் துணிவு வரவில்லை.

மூன்று 200 பவுண்டு நோட்டுகளும் எட்டு 50 பவுண்டு நோட்டுகளும் எண்ணிக் கொடுத்தேன். குதிரைப் பக்கம் திரும்பி எண்ணியவர், இரண்டு நோட்டுகளை என்னிடம் நீட்டி, இவை பியாஸ்டர் என்றார். நூறு பியாஸ்டர் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. 50 பியாஸ்டர் நோட்டு வெறும் அரைப் பவுண்டு. நான் கொடுத்ததை ஒளித்துவிட்டு இவற்றைக் காட்டியிருக்கிறார் என்பது பின்னர்தான் புரிந்தது. அப்போது பதறிப்போய் மேலும் நூறு பவுண்டு கொடுத்துவிட்டேன்.

பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் அம்மாவுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, 50 பியாஸ்டர் நோட்டையும் 50 பவுண்டு நோட்டையும் மேசைமேல் வைத்துக் காட்டினார்: பியாஸ்டர் நோட்டின் ஆங்கிலப் பக்கத்தில் இராம்சேஸ் மன்னர் உருவம், பவுண்டு நோட்டில் எட்ஃபு கோயில். தேநீருக்குக் காசு வாங்க மறுத்த அந்த நல்ல மனிதரையும் இங்கே சொல்லாமல் விடக் கூடாது.

ஆகவே, ஏறுமுன்பே "எகிப்தியப் பவுண்டா, மொத்தக் கூலியா, ஆளுக்கா?" என்று கேட்டு, தொகையைத் தாளில் எழுதி வாங்குங்கள். அங்கே வழங்கும் எண்களில் ஐந்து நம் சுழியம் போல வட்டமாகவும், சுழியம் வெறும் புள்ளியாகவும் இருக்கும், அதையும் கவனியுங்கள். ஒவ்வொரு நோட்டையும் அவர் முகத்துக்கு நேரே, வாய்விட்டு எண்ணிக் கொடுங்கள். கூட வந்தவர்கள் இறங்கிய பிறகே பணத்தை வெளியே எடுங்கள். தகராறு வந்தால் சுற்றுலாக் காவல்துறையை 126 என்ற எண்ணில் அழைக்கலாம். அன்று அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.