மலைக்குச் சொந்த வண்டியா, லீஸ் வண்டியா? கோத்தகிரியிலிருந்து ஒரு அனுபவம்

2016-இல் கோயம்புத்தூரில் 2012 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அப்போது மீட்டரில் 38,000 கிலோமீட்டர், இன்று 1,41,000. நடுவில் 2021-இலிருந்து மூன்று வருடம், வேலை பார்க்கும் கம்பெனி மூலமாக ஒரு டர்போ பெட்ரோல் காரையும் லீஸில் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே வாசலில் நின்றவை, ஒரே ரோட்டில் ஓடியவை.

முதலில் லீஸ் வண்டியின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர்தான். அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏறிவிடுகிறோம். மேலே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஸ்விஃப்டில் நான்கு பேரும் சாமான்களும் இருந்தால் வளைவுக்கு வளைவு இரண்டாம் கியருக்கு வந்தாக வேண்டும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் அந்த மூச்சுத்திணறல் தெரியவே இல்லை. அந்த ஏற்றத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் ஓட்டியதில்லை. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் மாதத் தொகைக்குள்ளேயே அடங்கிவிட்டன.

ஆனால் லீஸ் கணக்கு கிலோமீட்டரை மட்டுமே பார்க்கிறது. மலையில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை முறை கிளட்ச் மிதிக்கிறோம் என்பது அதில் வராது. 31,000-இலேயே கிளட்ச் போய்விட்டது. தேய்மானப் பொருள் என்று சொல்லி என் கையிலிருந்துதான் கட்டச் சொன்னார்கள். எஸ்டேட் ரோட்டில் எதிரே லாரி வந்தால் தேயிலைச் செடியை உரசித்தான் ஒதுங்க முடியும். திருப்பிக் கொடுத்த அன்று அந்தக் கீறல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பணம் பிடித்தார்கள். எனக்கு அது இன்றும் நியாயமாகப் படவில்லை. பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கு போடவும் அனுமதி இல்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வந்தபோது, நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு இருந்தது. லீஸ் வண்டியோ சென்னைப் பதிவு. சொந்த வீட்டுக்கு வர பாஸ் தேடும் நிலை.

ஆகவே மலையில் குடியிருப்பவர்களுக்கு என் யோசனை இதுதான்: சமவெளியில் ஓடிய நான்கைந்து வருடப் பழைய வண்டியைச் சொந்தமாக வாங்குங்கள். மீட்டரில் 40,000 என்றால் அது எங்கே ஓடிய 40,000 என்று கேளுங்கள். வாங்கும் முன் நல்ல ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். என்ஜின் சத்தம் ஏறியும் வண்டி நகரத் தயங்கினாலோ, கருகிய வாடை வந்தாலோ கிளட்ச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். கடன் வாங்கி ஓட்டிய வண்டியாக இருந்தால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் பிரேக் ஆயில். இதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூட்டில் அது கொதித்து, பெடல் அப்படியே உள்ளே போய்விடும். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, எந்த கியர்ல ஏறினீங்களோ, அதே கியர்ல இறங்குங்க." இன்றுவரை அப்படியே செய்கிறேன். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன்.

ஸ்விஃப்டில் இதுவரை இரண்டு கிளட்ச், மூன்று செட் டயர், ஒரு ரேடியேட்டர் மாற்றியிருக்கிறேன். மழைக்காலத்தில் பத்து நாள் எடுக்காமல் விட்டால் சீட்டில் பூஞ்சை பிடிக்கும், அதனால் ஞாயிறுதோறும் கதவுகளைத் திறந்து வெயிலில் நிறுத்துகிறேன். அடுத்த வருடம் 15 வருடப் பதிவு முடியப்போகிறது. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சோதனை) காட்டி இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப் போகிறேன். சைலன்சர் அடியில் துரு தெரிகிறது, அதை இந்த மாதமே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.