நன்றி சொன்னதற்கு 25 டாலர்: எங்கள் என்.டி.ஐ.எஸ். ஒருங்கிணைப்பாளரைப் பற்றி

சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் இருக்கும் நண்பருடைய மகளின் என்.டி.ஐ.எஸ். (மாற்றுத்திறனாளிகளின் உதவிகளுக்கு ஆஸ்திரேலிய அரசு பணம் கொடுக்கும் ஏற்பாடு) திட்டத்தில் ஆதரவு ஒருங்கிணைப்புக்கும், அதாவது அந்த உதவிகளைத் தேடி ஏற்பாடு செய்து தரும் ஆளுக்கும், பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்குமுன் என்ன கேட்கவேண்டும் என்றார். முதல் கேள்வி இதுதான் என்றேன்: "மின்னஞ்சலைப் படிப்பதற்கும் கட்டணம் போடுவீர்களா? குறைந்தது எத்தனை நிமிடக் கணக்கு?"

எரிச்சலில் சொன்னதுதான். என் மகனுக்கும் இப்படி ஒரு ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். அவருடைய போன மாத பில்லில் ஒரு வரி: "மின்னஞ்சல் வாசித்தல், 15 நிமிடம்." தேடிப் பார்த்தால், "கிடைத்தது, நன்றி" என்று நான் அனுப்பிய மின்னஞ்சல் அது! மணிக்கு 100.14 டாலர் என்ற உச்சவரம்பின்படி, என் இரண்டு சொற்களுக்கு 25 டாலர். நேரில் வராமல் செய்யும் வேலைக்கும் கட்டணம் வாங்க விதி இடம் கொடுக்கிறது, ஒப்பந்தத்திலும் அது இருக்கிறது. மறுக்கவில்லை. எங்கள் கையிலிருந்து போகும் பணமும் இல்லை. ஆனால் ஒருங்கிணைப்புக்கு ஒதுக்கிய மணிநேரம் தீர்ந்துவிட்டால் வேறு தலைப்பிலிருந்து எடுத்துப் போட முடியாது. உண்மையில் அவர் தேவைப்படும் நாளில் கணக்கில் ஒன்றும் இருக்காது.

வேலையில் குறை சொல்ல முடியாது. அவருடைய நிறுவனமே பராமரிப்புப் பணியாளர்களையும் அனுப்புகிறது (இதையும் கேட்டுவிடுங்கள், பல இடங்களில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது). இருந்தும் எங்களிடம் வெளி நிறுவனங்களின் பெயர்களையே கொடுத்து, பேசிப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னார். மகனின் மின்சக்கர நாற்காலி ஒரு வெள்ளிக்கிழமை மாலை நின்றுபோனபோது, விற்றவர்களை விடாமல் பிடித்து இரவலாக ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பது, நிறுத்துவதென்றால் எத்தனை வாரம் முன்னால் சொல்லவேண்டும் என்பதெல்லாம் முதல் நாளே எழுத்தில் வந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேறு. வீட்டுக்கு வந்தால் எங்களைப் பார்த்துப் பேசமாட்டார், மகனிடம்தான் பேசுவார். அவன் எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தொடுவான். பாதியிலேயே சொல் புரிந்துவிட்டாலும், அவன் முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார். மருத்துவர்கள்கூட அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. அந்த நேரமும் பில்லில் ஏறத்தான் செய்கிறது. ஏறட்டும், அதற்கு நான் கணக்குப் பார்க்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு நண்பர், "அப்படியானால் அவரையே வைத்துக்கொள்ளட்டுமா?" என்றார். வேண்டாம், வேறு இரண்டு பேரிடம் பேசுங்கள் என்றேன். அந்த 25 டாலர் இன்னும் செரிக்கவில்லை. அடுத்த மாதம் எங்கள் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவேண்டாம் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். மனைவிக்கும் அதே எண்ணம். மகனிடம் கேட்டோம். "அவரே இருக்கட்டும்" என்று பலகையில் தொட்டுக் காட்டினான். திட்டம் அவன் பெயரில் இருக்கிறது.