ஏஆர்சியா, பிஎல்சியா? அமெரிக்க விவசாயியின் மானியக் கணக்கு

அமெரிக்காவின் 2014 வேளாண் சட்டம் நேரடி மானியத்தை நிறுத்திவிட்டு, விவசாயி முன் இரண்டு திட்டங்களை வைத்தது: பிஎல்சி (விலை இழப்புக் காப்பு), ஏஆர்சி (வேளாண் இடர் காப்பு).

பிஎல்சி விலையை மட்டும் பார்க்கிறது. மக்காச்சோளத்துக்கு அச்சட்டம் குறித்த ஆதார விலை புஷலுக்கு (மக்காச்சோளத்தில் சுமார் 25 கிலோ) 3.70 டாலர். நாட்டின் சராசரி விலை அதற்குக் கீழே இறங்கினால் வித்தியாசம் கிடைக்கும். விளைச்சல் பொய்த்தால் இது உதவாது.

ஏஆர்சி-கவுண்டி திட்டம் வருவாயை, அதாவது விலையையும் விளைச்சலையும் சேர்த்துப் பார்க்கிறது. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பகுதி. ஐந்தாண்டு விலையிலும் விளைச்சலிலும் உச்சத்தையும் அடிமட்டத்தையும் தள்ளிவிட்டுச் சராசரி எடுப்பார்கள். 2014 சட்டப்படி, கவுண்டியின் வருவாய் அதில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் உண்டு. சிக்கலும் இங்கேதான்: கணக்கில் வருவது கவுண்டியின் விளைச்சல், உங்கள் வயலின் விளைச்சல் அல்ல. ஆலங்கட்டி மழை உங்கள் பயிரை மட்டும் அழித்தால் ஒரு காசும் வராது. கவுண்டி எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர் காசோலை வாங்க, இந்தப் பக்கத்துக்காரர் வெறுங்கையோடு நிற்பதும் உண்டு. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இரண்டிலுமே பணம் 'அடிப்படை ஏக்கர்', அதாவது பண்ணையின் பழைய சாகுபடியை வைத்துப் பதிவான பரப்பின் 85 சதவீதத்துக்குத்தான். இந்த ஆண்டு என்ன விதைத்தீர்கள் என்று பார்ப்பதில்லை. அறுவடை முடிந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அக்டோபரில்தான் தொகை வரும்.

தொடக்கத்தில் மக்காச்சோளம், சோயா விவசாயிகள் பெரும்பாலும் ஏஆர்சி பக்கம் போனார்கள். நெல், நிலக்கடலைக்காரர்கள் பிஎல்சி பக்கம். விலை அப்போதுதான் உச்சத்திலிருந்து சரியத் தொடங்கியிருந்தது. பழைய சராசரி உயரத்திலேயே நின்றதால் ஏஆர்சி தாராளமாகக் கொடுத்தது. விலை ஆண்டுக்கணக்கில் படுத்தே கிடந்தால் அந்தச் சராசரியும் இறங்கிவிடும். அப்போது பிஎல்சிதான் மேல் என்பது என் கணிப்பு.

2025 சட்டம் மக்காச்சோள ஆதார விலையை 4.10 டாலராகவும் ஏஆர்சி உத்தரவாதத்தை 90 சதவீதமாகவும் உயர்த்தியது. 2025 பயிருக்கு மட்டும், இரண்டில் எது அதிகமோ அதுவே தானாகக் கிடைக்கும்.